எட்டு அணி, பதினான்கு சுற்று

சங்க நிர்வாகிகளே, பயிற்சியாளர்களே, நடுவர்களே, கால்பந்தே கதியென்று கிடக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்து நம் நெல்லைச் சீமையில் ஒரு சிறிய லீக் நடத்த வேண்டுமென்றால், கோப்பையைப் பற்றிப் பேசுமுன் காலண்டரை எடுத்து மேஜையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். மார்கழியையும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழையையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற மேல்காற்று, கோல்கீப்பர் உயரத் தூக்கி உதைக்கும் பந்தை அவர் பக்கமே திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஆக, பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை தொடங்கி, மே 4 வாக்கில் கத்திரி வெயில் வருமுன் முடிப்பதுதான் வழி. நம் கையில் இருப்பது பதினைந்து வார இறுதிகள்.

எட்டு அணிகள் ஒன்றோடொன்று இருமுறை மோதினால் 56 ஆட்டம், வாரத்துக்கு ஒன்றாக 14 சுற்று. மிஞ்சும் ஒரு வாரத்தை ஏழாவது சுற்று முடிந்ததும் காலியாக விடுங்கள். தள்ளிப்போன ஆட்டங்களுக்குப் புதன்கிழமைகளை ஒதுக்குங்கள்.

வாராவாரம் சீட்டுக் குலுக்கி ஜோடி போடுவது பெரிய தவறு. ஒரு அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் வெளியூரில் ஆடும். சில அணிகள் ஒன்றையொன்று பார்க்காமலே பாதி சீசன் போய்விடும். எட்டுத் துண்டுக் காகிதம் போதும். மேல் வரிசையில் 1, 2, 3, 4. அதற்கு நேர் கீழே 8, 7, 6, 5. மேலும் கீழுமாக எதிரெதிர் இருப்பவர்கள் மோதட்டும். அடுத்த சுற்றுக்கு 1-ஐ அசைக்காமல் மற்ற ஏழையும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர்த்துங்கள். இப்போது மேலே 1, 8, 2, 3. கீழே 7, 6, 5, 4. இப்படி ஆறு முறை நகர்த்தினால் ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆடியிருப்பார்கள். இரண்டாம் பாதியில் சொந்த மைதானத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஏழே அணிதான் என்றால், எட்டாவது காகிதத்தில் ‘ஓய்வு’ என்று எழுதிவிடுங்கள்.

பாளையங்கோட்டையில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை, அது காலியாகக் கிடைக்கிற நாளுக்குத்தான் பஞ்சம். அனுமதியை முதல் சுற்றுக்கு முன்பே மொத்தமாக எழுத்தில் வாங்கி வையுங்கள். விளக்கு இல்லாத இடத்தில் மாலை 4 மணிக்குத் தொடங்கினால் இடைவேளை, கூடுதல் நேரம் எல்லாம் சேர்ந்து ஆறு மணி ஆகிவிடும். தலைமை விருந்தினருக்காக அரை மணி காத்திருந்தால் கடைசி இருபது நிமிடம் கோல்கீப்பருக்குப் பந்து தெரியாது. பங்குனி வெயிலில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் உடலைக் குளிர்விக்க நிறுத்துங்கள். ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை விதியே அனுமதிக்கிறது.

கோடு போடும் பொடியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விலை மலிவு என்று சுண்ணாம்புத் தூளைத் தூவுகிறார்கள். சறுக்கி விழுந்த பையனின் முழங்காலில் வியர்வையோடு சேர்ந்து அது தோலைப் பொசுக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோலத்துக்குப் போடுகிற வெள்ளைக்கல் பொடி போதும். கோட்டின் அகலம் 12 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

இனி, லீக்கைச் சாகடிக்கிற விஷயம். 22 ஆட்டக்காரர், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். பயிற்சி மாதத்தையும் சேர்த்து ஐந்து மாதத்துக்குச் சம்பளம் மட்டும் 13,20,000 ரூபாய். சுற்றுச்சுவர் இல்லாத மைதானத்தில் டிக்கெட் விற்று இதை ஈடுகட்ட முடியாது. விளம்பரம் தருகிறேன் என்றவர் இரண்டாம் தவணையில் கையை விரிப்பார். அப்போது அட்டவணையின் அடியில் கிடக்கும் அணி கலைந்துவிடும். இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாக லீக்கிடம் கட்டாத அணியைச் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. அப்படியும் ஒரு அணி விலகினால் என்ன என்று முன்னரே எழுதி வையுங்கள். தன் ஆட்டங்களில் பாதியை ஆடுமுன் விலகினால் அதன் முடிவுகள் முழுவதையும் நீக்குவது. அதற்குப் பின் விலகினால் மீதி ஆட்டங்களில் எதிரணிக்கு 3-0. விலகிய பிறகு இதைப் பேச உட்கார்ந்தால், எந்த வழி தனக்கு லாபமோ அதையே ஒவ்வொருவரும் நியாயம் என்பார்.

மஞ்சள் அட்டைப் பதிவேடு ஒரே ஒருவர் கையில் இருக்கட்டும். அட்டைகள் சேர்ந்து தடை பெற்றவர் யார் என்று ஆட்டத்துக்கு முந்தைய நாளே இரு அணிக்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

தள்ளிப்போன ஆட்டம் எதுவாயினும் பன்னிரண்டாம் சுற்றுக்குள் முடிந்துவிட வேண்டும். 1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றது. அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்திருந்ததால், தாங்கள் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போக அந்த முடிவு போதும் என்று தெரிந்துகொண்டு மீதி நேரத்தைப் பந்தைத் தட்டியே கழித்தார்கள். அல்ஜீரியா வெளியேறியது. அதன் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது.

நமக்கு இரண்டே மைதானம் இருந்தாலும், கடைசிச் சுற்றில் முதலிடத்துக்குப் போட்டியிடும் இரு அணிகளின் ஆட்டங்களை ஒரே நேரத்தில் வையுங்கள். மற்ற இரண்டையும் காலை 7 மணிக்கு நடத்திவிடலாம். மாலையில் இரு மைதான நடுவர்களும் போனில் பேசி, கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, 4 மணிக்கு ஒன்றாக விசில் ஊதட்டும். இடைவேளை முடிந்ததும் அதேபோல் ஒன்றாக ஊதட்டும்.