அக்கா தலைக்குள் இருக்கும் அட்டவணை

நடுவர் அவர்களுக்கும், அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணிக்கும் வணக்கம்.

‘அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்தச் செயற்கை நுண்ணறிவு கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா?’ இதுதான் தலைப்பு. கைகொடுக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், சாட்ஜிபிடி தனக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணையை இங்கே வாசித்துக் காட்டினார். காலை 5 மணிக்கு எழு, 5.10க்குத் தியானம், 5.30க்கு நாட்குறிப்பு, 6 மணிக்கு ஓட்ஸ் கஞ்சி. அவையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதனிடம் என்ன கேட்டார் என்பதையும் அவரே சொன்னாரே, கவனித்தீர்களா? ‘எனக்கு ஒரு நல்ல டெய்லி ரொட்டீன் கொடு.’ அவ்வளவுதான். வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேலை, பிள்ளைக்கு எப்போது பள்ளிக்கூடம், ஒன்றும் சொல்லவில்லை. டெய்லரிடம் அளவே கொடுக்காமல் ‘நல்ல சட்டையா ஒண்ணு தை’ என்று சொல்லிவிட்டு, கை நீளமாகிவிட்டது என்று சண்டைக்குப் போனால் என்ன நியாயம் அண்ணே?

சரி, அளவு கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கும்? எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டு அக்கா கேட்டார். மாமியாருக்குத் தைராய்டு, எலும்புத் தேய்மானம். பையன் இரண்டாம் வகுப்பு. அக்கா டைப் செய்யவில்லை. போனில் மைக்கை அழுத்தி, வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசினார். “அத்தைக்குத் தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போடணும். கால்சியம் மாத்திரை ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா அத்தைக்குக் கண்ணு முழிச்சதும் காபி வேணும். பையனுக்கு வேன் 7.50க்கு, தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி லாரி வரும், அதுவும் எட்டு மணி வாக்குல. வந்தா சம்ப் மூடியைத் திறக்க ஆள் நிக்கணும். இவர் ஒம்பது மணிக்குக் கிளம்புவார். எல்லாத்தையும் வரிசைப்படுத்திக் கொடு.”

பதில் வந்தது. தைராய்டு மாத்திரை 6 மணிக்கு. காபி 7 மணிக்கு. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. டாக்டர் ஏற்கெனவே சொன்னதுதான், புதிதாக மருத்துவம் எதுவும் அது பார்க்கவில்லை. அக்காவும் விவரமானவர், அடுத்த முறை போனபோது அட்டவணையை டாக்டரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்ல வந்தது அதன் கடைசி வரியை. ‘லாரி வரும் நாட்களில் 7.50க்கும் 8 மணிக்கும் நீங்களே இரண்டு இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?’

நடுவர் அவர்களே, அந்த வீட்டில் இத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்வி இது! அக்கா அதை அப்படியே திருப்பி, ஒன்பது மணி வரை சோபாவில் பேப்பர் படிக்கும் தன் வீட்டுக்காரரிடம் காட்டினார். இப்போது லாரி நாளில் சம்ப் பக்கம் நிற்பது அவர்தான். பேப்பரை அங்கேயே நின்று படிக்கிறார், அது வேறு விஷயம்.

அந்த அட்டவணை புதிதாக முளைத்ததா என்ன? அது முன்பும் இருந்தது, அக்கா தலைக்குள் இருந்தது. தலைக்குள் இருந்ததால் வேறு யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் படாததால் அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றவில்லை. அலிசன் டேமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வீட்டில் இன்னது தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது என்று இந்த யோசிக்கிற வேலையை நான்காகப் பிரித்தார். முடிவெடுக்கும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காருகிறார்களாம். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண் தலையில் விழுகிறதாம். ‘ஃபிரிட்ஜ் வாங்கலாமா’ என்றால் ஐயா வந்து உட்காருவார். ‘ஃபிரிட்ஜில் தயிர் தீர்ந்துவிட்டது’ என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2024-ல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-கூட வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான், செய்யாதவர்களை அதில் சேர்க்கவே இல்லை! அடுப்படியில் நிற்பதை நிமிடக் கணக்கில் எழுதிவிடலாம். ராத்திரி கண்ணை மூடும்போது ‘நாளைக்கு மாவு இருக்கா, சீருடை காய்ந்ததா’ என்று ஓடுகிறதே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்து, எதிரணித் தம்பி ஒரு குற்றச்சாட்டு வைத்தார். எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மூளை மழுங்கிவிடும் என்றார். தம்பி, உங்கள் வீட்டுச் சுவரில் சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர் தொங்குகிறதா இல்லையா? ராகு காலத்தைத் தாளைப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்? மூளை மழுங்கிவிட்டதா? திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. ஊரே வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்புவது அந்த நேரத்தில்தான் என்பதைக் காலண்டரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை!

தலையில் இருப்பதை இறக்கிவைத்தால் மழுங்காது, தூக்கம் வரும். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனி செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். ‘அது காகிதத்தில் எழுதியதுதானே, செயற்கை நுண்ணறிவு எங்கே வந்தது’ என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. காகிதம் எழுதி வைத்ததைக் காட்டும், அதோடு சரி. வேன் வராத நாளில், திடீரென்று மச்சினர் குடும்பம் வந்து இறங்கும் நாளில், காகிதத்தில் அடித்துத் திருத்தி உட்கார நம் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? ‘இன்னைக்கு அஞ்சு பேர் கூட, மதியம் வெளிய போக முடியாது’ என்று ஒரு வரி சொன்னால், மிச்ச நாளை அது அடுக்கிக் கொடுத்துவிடுகிறது.

அது தப்பே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். அமாவாசை என்றைக்கு என்று கேட்டால் தவறான தேதியைக் கூசாமல் சொல்லக்கூடியது அது. காலண்டரைப் பார்த்துத் தேதியை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இட்லி அவிக்கப் பத்து நிமிடம் ஒதுக்கும், மாவு அரைக்கிற நேரத்தை மறந்துவிடும். அதையும் நாம்தான் சொல்ல வேண்டும். வீட்டு ரகசியம் வெளியே போய்விடும் என்று அண்ணன் பயந்தார். பயம் சரிதான். ஆனால் வேன் நேரத்தைச் சொல்ல ஆதார் எண் எதற்கு? மாமியார் பெயர் எதற்கு? ‘வீட்டில் ஒரு பெரியவர்’ என்றால் அதற்குப் போதும்.

‘எங்கள் அம்மா எந்தச் செயலியும் இல்லாமல் எட்டுப் பேரைக் கட்டி மேய்த்தார்’ என்று அண்ணன் உருகினார். மேய்த்தார், யார் இல்லை என்றது? ஒரு நாள் காய்ச்சலில் அவர் படுத்திருந்தபோது வீடு எப்படி இருந்தது என்பதையும் அண்ணன் சொல்லியிருக்கலாம். எண்ணெய் எந்த டப்பாவில் என்று கேட்கவாவது அந்த அம்மாவை எழுப்பியிருப்பீர்கள்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்புச் சொல்லும் முன் எதிரணி அண்ணனிடமும் தம்பியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டில் கேஸ் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி எந்த மாதம்? மூன்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஆனால் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கக் கூடாது!

நன்றி, வணக்கம்.