செயலி சொல்லும் நேரமும் அத்தையின் மாத்திரை நேரமும்

வணக்கம் நண்பர்களே. ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டதால், சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு காரில் மலேசியா செல்வதற்குக் கூகல் மேப்ஸ் என்ற கைப்பேசிச் செயலியை வைத்து எப்படித் திட்டமிடுவது என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். மலேசியாவின் ஈப்போ நகருக்குப் போவதற்காக நான் இப்போது போட்டுக்கொண்டிருக்கும் திட்டத்தையே திரையில் காட்டி விளக்கப்போகிறேன். அதற்கு முன், சென்ற ஆண்டு மலாக்காவுக்குப் போகும் வழியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இன்று பின்பற்றும் முறை அந்த நாளுக்குப் பிறகு வந்ததுதான்.

அன்று சனிக்கிழமை. ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து காலையில் கிளம்பி, துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து, மச்சாப் ஓய்வுத்தளத்தைத் தாண்டி நன்றாகவே போய்க்கொண்டிருந்தோம். மலாக்காவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவதாக ஏற்பாடு. செயலி 12.40க்குச் சேர்ந்துவிடுவோம் என்று காட்டியது. என் மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை போட வேண்டும். அத்தை பின்னிருக்கையிலிருந்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்டார். நான் திரையைப் பார்த்து, "அரை மணி நேரம்தான் அத்தை, இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். அவரும் போட்டுக்கொண்டார். பாகோ ஓய்வுத்தளத்தைக் கடந்த சிறிது நேரத்தில், முன்னால் நடந்த ஒரு விபத்தால் சாலை முழுவதும் நின்றுவிட்டது. 12.40 என்றிருந்தது 1.25 ஆயிற்று, பிறகு 1.50 ஆயிற்று. அத்தை எதுவும் சொல்லவில்லை. என் மகள்தான், "அம்மா, பாட்டியின் கை சில்லென்று இருக்கிறது, வேர்த்தும் இருக்கிறது" என்றாள். மாத்திரை போட்டும் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. அவளுடைய பள்ளிப்பையில் ஒரு பொட்டல மைலோ பானம் இருந்தது. அத்தை அதை உறிஞ்சிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து அவர் முகம் தெளிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தச் செயலியின்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். அது வண்டியின் நேரத்தைக் கணக்கிட்டது, அவ்வளவுதான். வயதானவர் கழிவறைக்கு நடந்து போய்வர ஆகும் நேரமும், ஆறு வயதுப் பையனுக்குப் பசிக்கும் நேரமும், மாத்திரைக்கும் இலைக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியும் அதற்குத் தெரியாது. அவற்றைத் தெரிந்தவர்கள் நாம். அதனால் அவற்றைத் திட்டத்துக்குள் முதலில் எழுத வேண்டியவர்களும் நாமே.

இப்போது திரையைப் பாருங்கள். பலர் கூகல் மேப்ஸைத் திறந்ததும் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் போடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் போடுகிறேன். முதலில் போடுவது, எங்களில் யார் அதிக நேரம் உட்கார்ந்திருக்க முடியாதோ அவருக்கான நிறுத்தங்களை. அத்தையால் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து உட்கார முடியாது, முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே வடக்கு நோக்கிப் போகும்போது மச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஓய்வுத்தளங்களை வரிசையாகச் சேர்த்துக்கொள்கிறேன். ஆயர் குரோவில் நெடுஞ்சாலைக்கு மேலே பாலம்போல் ஓர் உணவகம் இருக்கிறது. என் மகனுக்கு அதன் கண்ணாடி வழியே கீழே ஓடும் லாரிகளை எண்ணுவது பிடிக்கும் என்பதால், அங்கே அரை மணி நேரம் என்று நான் எழுதினால் அது முக்கால் மணி நேரம் ஆகும். அதையும் எழுதிவைக்கிறேன்.

அடுத்து, ஒவ்வொரு துண்டுப் பயணத்தையும் தனித்தனியாகப் போட்டு, புறப்படும் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறேன். அப்போது செயலி ஒரே எண்ணாகச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எண்களைக் காட்டும். நம்மில் பெரும்பாலோரின் கண் சிறிய எண்ணிலேயே நிற்கும். தயவுசெய்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையும் முதியவரும் இருக்கும் வண்டிக்கு அந்தப் பெரிய எண்தான் உண்மையான எண் என்பது என் அனுபவம்.

நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்துவது இதே செயலியில் இருக்கும் பட்டியல் வசதியை. 'ஈப்போ' என்று ஒரு பட்டியல் தொடங்கி, வீட்டில் உள்ளவர்களும் அதில் இடங்களைச் சேர்க்கும்படி பகிர்ந்திருக்கிறேன். என் கணவர் இரண்டு சாப்பாட்டுக் கடைகளைச் சேர்த்தார். மகன் தம்புனில் இருக்கும் லாஸ்ட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவைச் சேர்க்கச் சொன்னான். அத்தைக்கு எழுத்துத் தட்டச் சிரமமாக இருக்கும். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல குனோங் செரோவில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலைத் தேடிக் குறித்துக் கொடுத்தாள். குகையை ஒட்டியிருக்கும் அந்தக் கோயிலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இங்கே என் அம்மாவோடு வந்திருக்கிறேன்" என்று அத்தை சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அவர் எங்களிடம் சொல்லாத செய்தி அது. பயணத்தை ஒருவரே முடிவுசெய்து மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போவதைவிட, இப்படிச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் கூடி முடிவெடுப்பதற்காகவே இந்தச் செயலியை நான் பரிந்துரைக்கிறேன்.

எல்லைச் சோதனைச்சாவடிக்கு வருவோம். ஜூரோங் பக்கம் இருப்பவர்களுக்கு 1998ல் திறக்கப்பட்ட துவாஸ் பாலம் வசதி. மற்றவர்கள் பெரும்பாலும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்துக்குத்தான் போவார்கள். வீட்டிலிருந்து இறங்குவதற்கு முன், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் இரண்டு இடங்களின் கேமராப் படங்களையும் நானே பார்த்துவிடுவேன். செயலியில் சிவப்புக் கோடாகத் தெரிவதைவிட, வண்டிகள் எங்கே வரை நிற்கின்றன என்பதைக் கண்ணால் பார்ப்பது முடிவெடுக்க உதவும். 2024 மார்ச் 19 முதல் காரில் செல்வோர் கடப்பிதழை நீட்டுவதற்குப் பதிலாக, சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் உருவாக்கும் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். ஒரே வண்டியில் செல்லும் பத்துப் பேர் வரை ஒரே குறியீட்டில் சேர்க்கலாம். அத்தையின் கடப்பிதழைத் தேடி நான்கு பைகளைக் கலைக்கும் வேலை அதோடு போயிற்று. ஆனால் அது நம் பக்கத்துக்கு மட்டும்தான்; மலேசியாவுக்குள் செல்லக் கடப்பிதழ் கையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது நம் காரின் பெட்ரோல் தொட்டி முக்கால் அளவாவது நிரம்பியிருக்க வேண்டும்; இல்லையென்றால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். சிங்கப்பூரில் பதிவான கார்களுக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். அங்கே ரான் 95 பெட்ரோலை நம் வண்டிகளுக்கு ஊற்றக்கூடாது. ரான் 97 ஊற்றலாம். சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அன் கோ அட்டையில் போதிய பணம் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் நுழையும்போது தொட்ட அதே அட்டையை வெளியேறும்போதும் தொட வேண்டும். செல்லும் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லையைத் தாண்டியதும் இணையம் சில சமயம் தடுமாறும்.

சாலையில் ஓடும்போது நாங்கள் வேஸ் செயலிக்கு மாறிவிடுவோம். ஓட்டுநர்களே விபத்தையும் நெரிசலையும் அவ்வப்போது தெரிவிப்பதால், முன்னால் நடப்பது அதில் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. கைப்பேசி எப்போதும் முன்னிருக்கையில் இருக்கும் என் கையில்தான்; என் கணவர் திரையைத் தொடுவதில்லை. சேரும் நேரம் பத்து நிமிடத்துக்குமேல் தள்ளிப்போனால் உடனே சத்தமாகச் சொல்லிவிடுவது என் பொறுப்பு. அடுத்த ஓய்வுத்தளத்தில் ஒதுங்குவதா, தொடர்வதா என்பதை அதைத் தாண்டுவதற்கு முன்பே முடிவுசெய்கிறோம். அன்று பாகோவைத் தாண்டிய பிறகு எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

ஈப்போ ஏறத்தாழ 550 கிலோமீட்டர் என்பதால், இம்முறை முதல் இரவு சிரம்பானில் தங்குகிறோம். மாத்திரை விஷயத்தையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டோம். பயண நாள்களில் கடிகாரத்தைப் பார்க்காமல், கடைக்குள் உட்கார்ந்து சாப்பாடு வருவது உறுதியான பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அத்தைக்கு அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது சரி என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். ஈப்போ போய்ச் சேர்ந்த மறுநாள் கோயிலா, பூங்காவா, எது முதலில் என்பது மட்டும்தான் பாக்கி. வெயில் ஏறுவதற்கு முன் கோயிலை வைத்தால் அத்தைக்கு நல்லது என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். பட்டியலில் அந்த இரண்டையும் இன்னும் வரிசைப்படுத்தாமலே வைத்திருக்கிறேன்.