அடிமனை நம்முடையது, வீடு அவர்களுடையது

வணக்கம் நேயர்களே. மொபைல் ஹோம் பார்க் வாங்கி நடத்தும் அனுபவத்தைப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். சரி என்று சொல்லிவிட்டு, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். 'நடமாடும் வீட்டுப் பூங்கா' என்றால் ஏதோ பொருட்காட்சி மாதிரி இருக்கிறது. அந்த வீடுகள் நடமாடுவதும் இல்லை, அங்கே பூவும் இல்லை. அதனால் பார்க் என்றே சொல்லிவிடுகிறேன். ஆலையில் செய்து இழுத்துவந்த வீடுகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடம் அது.

ஆனால் இந்தத் தொழிலின் உயிர் எதுவோ, அதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. அடிமனை. ஸ்ரீரங்கத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருக்கும் எந்த ஊர்க்காரருக்கும் இது தெரியும். சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை, கீழே உள்ள மண் வேறொருவருடையது, அந்த மண்ணுக்கு மாத வாடகை. அமெரிக்காவில் இந்த மண் வாடகைக்கு லாட் ரென்ட் என்று பெயர். கோயில் இருக்க வேண்டிய இடத்தில் என்னைப் போன்ற ஒருத்தி இருக்கிறாள்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸில். கணவருக்குக் கணினி வேலை, நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பார்க் இரண்டு மணி நேரக் கார் தூரத்தில், ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் இருக்கிறது. மொத்தம் 28 லாட், ஒரு லாட்டில் ஒரு வீடு. வாங்கியபோது 22 லாட்டில் ஆள் இருந்தார்கள், வாடகை 310 டாலர்.

விற்றவர் கொடுத்த தாளில் 28 லாட்டும் நிறைந்திருப்பதாகக் கணக்கு. அப்படி வைத்தால் ஆண்டுக்கு 1,04,160 டாலர். செலவு முப்பது சதவீதம் என்று எழுதி, அதை வைத்து 7 லட்சம் டாலர் கேட்டார். கணக்கு எழுதுகிறவளிடம் வந்து இப்படிச் சொன்னால் எப்படி? இருக்கிற 22 லாட்டுக்கு 81,840 டாலர். நகராட்சித் தண்ணீர், வரி, காப்பீடு, புல் வெட்டுதல், பனி வாருதல் எல்லாம் சேர்த்து நாற்பது சதவீதம் செலவு வைத்தேன். மிச்சம் 49,000 டாலரை ஒட்டி நின்றது. அந்த ஊரில் அந்தத் தரத்துப் பார்க்குக்குப் போட்ட பணத்தில் ஆண்டுக்கு ஒன்பது சதவீதமாவது திரும்ப வர வேண்டும். அப்படிப் பார்த்தால் விலை ஐந்தரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. காலி லாட்டுக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. காலி லாட் என்பது வருமானம் இல்லை, அது புல் வெட்டும் செலவு. அதில் புதிதாக ஒரு வீட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்றால், ஒரே துண்டாக வரும் ஒற்றை அகல வீடே இன்று 80,000 டாலர் அளவில் இருக்கிறது.

அப்புறம் குழாய். வீடுகளைப் பார்த்துப் பார்க் வாங்காதீர்கள், அவை உங்களுடையவை அல்ல. நீங்கள் வாங்குவது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும், ஒவ்வொரு லாட்டிலும் நிற்கும் மின் கம்பப் பெட்டியையும்தான். ஐம்பது, அறுபதுகளில் உருவான பார்க்குகளில் அந்தக் காலத்துச் சுட்ட மண் குழாய் இருக்கும், மரத்தின் வேர் அதற்குள் போய்க் குடித்தனம் நடத்தும். இன்னொன்று ஆரஞ்ச்பர்க் குழாய். மரநாரைத் தாரில் தோய்த்துச் செய்தது, கிட்டத்தட்ட காகிதம். காகிதத்தில் சாக்கடைக் குழாய் செய்து 1970களின் தொடக்கம் வரை விற்றிருக்கிறார்கள். அமெரிக்கா நிலாவுக்கு ஆள் அனுப்பிய அதே காலம்! பிளம்பரை அழைத்துக் கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தோம். எங்களுக்கு வாய்த்தது மண் குழாய், கிழக்கு வரிசையில் இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. அதைக் காட்டித்தான் விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்தோம்.

தண்ணீருக்குக் கேமரா வேண்டாம். விடியற்காலை இரண்டு மணிக்குப் பொது மீட்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஊரே தூங்கும்போது முள் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. நாங்கள் போய் நின்ற இரவில் முள் நன்றாகவே சுற்றியது. நகராட்சி ஒரே பில்லாகப் போட்டுவிடும், அதைக் கட்டுவது உரிமையாளர். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வைத்தோம், அவரவர் தண்ணீருக்கு அவரவர் பணம். மூன்றில் ஒரு பங்கு உபயோகம் குறைந்தது. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த கழிவறைத் தொட்டிகளெல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டன.

ஜனவரிக் குளிரில் குழாய் உறைவது தனிக் கதை. வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கும் தகட்டுக்கு ஸ்கர்ட்டிங் என்று பெயர், பாவாடையேதான். அது கிழிந்திருந்தால் காற்று உள்ளே போய்க் குழாயை உறைய வைத்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மொபைல் ஹோம் என்று பேச்சில் சொன்னாலும், 1976 ஜூன் 15க்குப் பிறகு மத்திய அரசின் தரவிதிப்படி ஆலையில் செய்து வருபவற்றுக்குச் சட்டத்தில் வேறு பெயர், மேனுஃபேக்சர்டு ஹோம். அந்த வீடுகளின் வெளிச்சுவரில் ஒரு சிவப்புத் தகடு இருக்கும். அதற்கு முன் செய்த வீட்டைப் பல பார்க்குகள் உள்ளேயே விடமாட்டா. புதிய வீடாக இருந்தாலும் அவிழ்த்து, இழுத்து, வேறு இடத்தில் நிறுத்தப் பல ஆயிரம் டாலர் ஆகும். குடியிருப்பவர்களில் பலர் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். ஆக, வாடகை பிடிக்கவில்லை என்றால் வீட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது பேச்சளவில்தான். இந்தத் தொழிலை விற்பவர்கள் கூட்டங்களில் இதைத்தான் பெரிய நன்மையாகச் சொல்கிறார்கள்: வாடகைதாரர் போகமாட்டார், போக முடியாது. பெரிய நிதி நிறுவனங்கள் இந்தத் துறைக்குள் வந்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. வாடகையை 50 டாலர் ஏற்றினால் 22 லாட்டுக்கு ஆண்டுக்கு 13,200 டாலர். செலவு கூடவில்லை, முழுவதும் வருமானம். போட்ட பணத்தில் ஆண்டுக்கு எட்டு சதவீதம் வந்தால் போதும் என்று வாங்குகிற காலத்தில் பார்க்கின் மதிப்பு 1,65,000 டாலர் ஏறிவிடும். செய்ய வேண்டியது 22 கடிதங்கள், 22 தபால் தலைகள். இந்த ஆசை யாரை விட்டது? எங்களையும் விடவில்லை. ஒரு தரகர் சொன்னார், முதல் ஆண்டே ஒரேயடியாக ஏற்றிவிடுங்கள் என்று. ஏற்றினோம்.

சண்டைக்கு யாரும் வரவில்லை. இரண்டு குடும்பங்கள் ஒரு ராத்திரி கிளம்பிவிட்டன. வீட்டை எடுத்துப் போக வழியில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒஹாயோவில் இந்த வீட்டுக்குக் கார் மாதிரி டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம் உண்டு. அது அவர்கள் பெயரில் இருக்கிறது, நாமாகத் தொட முடியாது. வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி, பிறகு பார்த்தால் இரண்டுமே இற்றுப்போன கூடு. இடித்து அள்ள, வழக்குச் செலவு சேர்த்து 9,000 டாலர். மிச்சம் 20 லாட், 360 டாலர் வீதம் ஆண்டுக்கு 86,400. பழைய வருமானத்தைவிட 4,560 டாலர்தான் அதிகம். அந்த ஆண்டு கையிலிருந்து நாலாயிரத்துக்கு மேல் போனதுதான் மிச்சம். போகமாட்டார்கள் என்று சொன்ன தரகருக்கு நான் அந்தக் கணக்கை அனுப்பினேன். பதில் வரவில்லை.

அதற்கப்புறம் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து டாலருக்கு மேல் ஏற்றுவதில்லை. எதற்காக ஏற்றுகிறோம் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம்: இந்த ஆண்டு கிழக்கு வரிசைக் குழாய், அடுத்த ஆண்டு சாலை. நியூயார்க் மாநிலத்தில் ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு 2019 முதல் சட்டமே இருக்கிறது, சாதாரணமாக மூன்று சதவீதம், தக்க காரணம் காட்டினால் ஆறு வரை. எங்கள் மாநிலத்தில் அப்படி உச்சவரம்பு இல்லை. முதலீட்டாளர்கள் பலர் அதைக் கேட்டதும் மகிழ்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பயம்தான்.

பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எங்களுக்கு அங்கேயே குடியிருக்கும் ஓர் அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவருக்கு லாட் ரென்ட் கிடையாது, மேலே மாதச் சம்பளம். யார் வீட்டு நாய் எது என்பது முதல் அவருக்குத் தெரியும். கொலம்பஸில் உட்கார்ந்து கணினியில் நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது ஒரு நிதி நிறுவனத்திலிருந்து மாதம் ஒருமுறை விற்கிறீர்களா என்று போன் வருகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் மெரெடித் என்ற ஊரில் 1984இல் குடியிருப்பவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் பார்க்கை வாங்கினார்கள். அந்த வழியில் இன்று நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட பார்க்குகள் குடியிருப்பவர்கள் கையில் இருக்கின்றன. எங்களுக்கும் வயதாகிறது. கடன் ஏற்பாடு செய்ய முடிந்தால் உங்களுக்கே கொடுக்கிறோம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறோம். போன மாதம் அந்த அம்மாள் வீட்டு வாசலில் மடக்கு நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. பாதிப் பேர் வந்தார்கள். யார் தலைவர் என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டதாம். ஏப்ரலில், பனி கரைந்த பிறகு மறுபடியும் கூடுகிறார்கள்.