புதன்கிழமைக் கொப்பி

வணக்கம் நேயர்களே. என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. புதன்கிழமை மாலையானால் அதில் மூன்று இலக்கங்கள் எழுதுவேன். "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ" என்று மனைவி கேட்பா. வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

அந்த மூன்றும் இலங்கைத் திறைசேரி உண்டியல் ஏலத்தில் வந்த வட்டிகள். 91 நாள், 182 நாள், 364 நாள். உண்டியல் என்றதும் கோயில் உண்டியலை நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக் காசு வருகிற 'உண்டியலும்' இல்லை. இது அரசாங்கம் வாங்கும் கைமாற்று, அவ்வளவுதான். கைமாற்றுக்கு என்ன வட்டி கேட்கிறார்கள் என்று பார்த்தால், கேட்பவர் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறார் என்று விளங்கும். ஊரில் நாம் எல்லோரும் அறிந்ததுதானே.

2022 நவம்பர் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு மாஸ்டர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், படலையைத் திறந்துகொண்டு வந்தார். "தம்பி, உண்டியலுக்கு 33 வீதம் குடுக்கிறாங்களாம். மெய்யே?"

"ஓம் சேர். 91 நாள் உண்டியலுக்கு. வருடக் கணக்கில் 33."

ஒரு தாளை எடுத்தார். நூறு ரூபாய் உண்டியலை இன்று என்ன விலைக்கு வாங்கலாம்? பேனையால் கணக்குப் போட்டார்: 92 ரூபாய் 40 சதம். மூன்று மாதத்தில் நூறாகத் திரும்பி வரும். சரி. அப்புறம் 364 நாளுக்கு எவ்வளவு என்று கேட்டார். முப்பதுக்குச் சற்றுக் கீழே என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன புதினம்? கூட நாள் குடுத்தால் கூட வட்டிதானே தரவேணும்!"

நேயர்களே, அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குக் கொடுப்பவர் ஏன் குறைந்த வட்டிக்குச் சம்மதிக்கிறார்? இந்த 33 நிலைக்காது, சீக்கிரம் இறங்கும் என்று நினைப்பதால்தான். மாஸ்டர் யோசித்துவிட்டு ஒரு வருடத்துக்கே போட்டார். அது முதிர்ந்தபோது மூன்று மாத வட்டி ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்தக் கதைதான்.

ஆனால் 33 என்றதும் வாயூற வேண்டாம். கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொடும் அளவுக்கு இருந்தது. வட்டி வாங்கியவரும் அரிசிக் கடையில் தோற்றார்.

இப்போது என் கொப்பியின் முந்திய பக்கங்களுக்கு வாருங்கள். 2021 நடுப்பகுதியில் 91 நாள் வட்டி ஐந்து வீதத்தை ஒட்டியே நிற்கிறது. வாரத்துக்கு வாரம் அசையவே இல்லை. அதைப் பார்த்தவர் நாடு சுகமாக இருக்கிறது என்றுதான் நினைப்பார். உண்மையில், இதற்கு மேல் வட்டி ஏற்கமாட்டோம் என்று அப்போது ஏலத்தை நடத்திய மத்திய வங்கி முன்பே எல்லை போட்டிருந்தது. காய்ச்சல்காரனின் வெப்பமானியை ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு அளவு பார்த்த மாதிரி. அந்த வட்டிக்கு வாங்க ஆள் போதவில்லை. விலைப்படாத உண்டியல்களை மத்திய வங்கியே புதுக்காசு அச்சிட்டு வாங்கியது.

அதனால் அன்றிலிருந்து நாலாவது இலக்கம் ஒன்றும் எழுதுகிறேன்: எவ்வளவு விற்க வந்தார்கள், எவ்வளவு விலைப்பட்டது. இதைத் திரும்பவும் சொல்கிறேன், வட்டியை மட்டும் பார்க்காதீர்கள், முழுவதும் விலைப்பட்டதா என்றும் பாருங்கள். 2021 செப்டெம்பரில் அந்த எல்லையை எடுத்தார்கள். வட்டி ஏறத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை, அதாவது வங்கிகளோடு கொடுக்கல் வாங்கலுக்கு மத்திய வங்கி வைக்கும் வட்டியை, ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தினார்கள். நாலு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பு.

வங்கிக்கு வங்கி ஓரிரவுக்குக் கொடுக்கும் அழைப்புப் பணத்தைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஒலிபரப்புத் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாக்கும். கடன் எடுத்தவர்களுக்கு ஒன்று மட்டும். உங்கள் ஒப்பந்தத்தில் ஏ.டபிள்யூ.பி.ஆர். என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். வங்கிகள் தங்கள் மிக நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுத்த குறுங்காலக் கடன் வட்டியின் சராசரி அது, வாரந்தோறும் வெளிவரும். அதோடு உங்கள் வட்டி கட்டப்பட்டிருந்தால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்று மனேஜரிடம் கேளுங்கள். ஏறும்போது மாற்றியவர்கள் இறங்கும்போதும் மாற்றினார்களா என்றும் கேளுங்கள். வணக்கம்.