கோணல் வீடு

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் டட்லி நகருக்குப் பக்கத்தில் ஹிம்லி என்று ஒரு சிற்றூர். பெரிய சாலையிலிருந்து அங்கே ஒரு ஒற்றைப் பாதை பிரியும். அதன் கோடியில் 2023 வரை ஒரு பப் நின்றது. பெயர் க்ரூக்கட் ஹவுஸ். நம் பேச்சில் கோணல் வீடு. ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் நாலடி தாழ்ந்திருந்த கட்டடம் அது.

1765-இல் பண்ணை வீடாகக் கட்டியபோது நேராகத்தான் இருந்தது. வட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். அடியில் தோண்டத் தோண்ட மேலே மண் இறங்கியது, வீடும் சாய்ந்தது. 1830 வாக்கில் பப் ஆனது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சைடன் ஹவுஸ்'. அவர்கள் வட்டார வழக்கில் சைடன் என்றாலே கோணல்தான்.

உள்ளே போனால் கண்ணை நம்ப முடியாது. மேசைமேல் கோலிக்குண்டை வைத்தால் மேட்டைப் பார்த்து உருளும். உண்மையில் அது பள்ளத்துக்குத்தான் போகிறது. சுவரும் ஜன்னலும் சேர்ந்து சாய்ந்திருப்பதால் நமக்குத் தலைகீழாகத் தெரிகிறது. நிமிர்ந்து நின்ற ஆளுயரக் கடிகாரம்கூட இப்போதே விழப்போகிறது என்றுதான் தோன்றும். அந்தக் கோலியை உருட்டிப் பார்க்கவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

1940-களில் இடிக்கவேண்டிய கட்டடம் என்று முடிவானது. அப்போது ஒரு பீர் நிறுவனம் வாங்கி, முட்டுச்சுவர் எழுப்பி, இரும்பு கொடுத்துத் தாங்கியது. அப்புறம் எண்பது ஆண்டு ஓடியது.

இறக்கம் இந்த ஒரு பப்புக்கு மட்டும் வந்ததில்லை. 2000-இல் பிரிட்டனில் 60,000-க்கு மேல் பப்கள் இருந்தன; இன்று 45,000 அளவில்தான். 1967-இல், குடித்திருக்கிறார்களா என்று பார்க்க வாகன ஓட்டிகளுக்கு மூச்சுச் சோதனை வந்தது. ஊரைத் தாண்டி இருக்கும் பப்புக்குக் காரில்தானே போகவேண்டும்? சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு. போதாக்குறைக்கு எரிவாயு, மின்சாரக் கட்டணம்.

கோணல் வீட்டை 2023 ஜூலையில் விற்றார்கள். ஆகஸ்ட் 5, சனிக்கிழமை இரவு தீப்பிடித்தது. பாதையில் மண்மேடு குவிந்து கிடந்ததால் தீயணைப்பு வண்டிகள் கிட்டே போக முடியவில்லை. திங்கட்கிழமை இயந்திரம் வந்து மிச்சச் சுவரையும் தள்ளிவிட்டது. முழுதாக இடிக்க உள்ளூர் மன்றம் ஒப்புதல் தரவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியலிலும் அது இல்லை. இத்தனை பேர் தேடிப்போன கட்டடத்தை ஒரு காகிதத்தில் ஏற்றிவைக்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. சுரங்கத்தாலேயே முடியாத காரியம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஜனங்கள் அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள். செங்கற்களைப் பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் மன்றம் உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது: தீக்கு முன்பு எப்படி இருந்ததோ, அப்படியே திரும்பக் கட்டவேண்டும். அப்படியே என்றால் சாய்வோடுதான். தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய கொத்தனார், அந்த நாலடிக் கோணலையும் அளந்து கட்டவேண்டியிருக்கும்.