வைஃபை வரவில்லையா? லினக்ஸை அழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்க

(திரையில்: பத்து அங்குல லேப்டாப் ஒன்று கயிற்றுக் கட்டில் மேல். பின்னால் அடுக்கிய மஞ்சள் மூட்டைகள்.)

வணக்கங்க. இது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் மாமாவின் தோட்டத்துச் சாளை. பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு வந்த இடத்தில், மாமா அட்டாலியிலிருந்து இந்த லேப்டாப்பை இறக்கி, தோள் துண்டால் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.

"ஏங்கண்ணு, இதுல ஈரோட்டு மஞ்சள் விலை பாத்தாப் போதும் எனக்கு. வைஃபை வர்றதில்லை. ஆகுமா, இல்ல பழைய இரும்புக்குப் போட்றலாமா?"

"போட்றாதீங்க மாமா, ஆகும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பித்தது. அதை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். இன்டெல் ஆட்டம் என்450 சிப், 1 ஜிபி ரேம். 2010 வாக்கில் நெட்புக் என்ற பெயரில் கடைகளில் குவிந்த ரகம். இதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற ஆன்டிஎக்ஸ் என்ற ரகத்தின் 32 பிட் பதிப்பைப் போட்டேன். நம் லேப்டாப் அதைவிடப் பழைய என்270 என்றால் 32 பிட்டைத் தவிர வேறு எதுவும் ஓடாது. லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் 18.10க்குப் பிறகு 32 பிட் விடுவதை நிறுத்திவிட்டார்கள், அதனால் புது லுபுண்டுவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, வைஃபைக்கு வருவோம்.

"வைஃபை வரலை" என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நான் உடனே திருப்பிக் கேட்பேன்: வைஃபை என்ற ஒன்றே திரையில் இல்லையா? பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து, நம்முடையது மட்டும் தெரியவில்லையா? கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் பக்கம் திறக்கவில்லையா? நன்றாக ஓடிக்கொண்டிருந்து நடுவில் நின்று நின்று வருகிறதா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பதிலைக் கேட்காமல் லினக்ஸை அழித்துத் திரும்பப் போடுவதில் பிரயோசனம் இல்லை. நான் ஒரு காலத்தில் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் வைஃபை வரவில்லை. நாலாவது நாள், லேப்டாப்பின் முன் விளிம்பில், உள்ளங்கை படும் இடத்தில், நகம் அளவுக்கு ஒரு ஸ்லைடு சுவிட்ச் இருப்பதைப் பார்த்தேன். அது ஆஃபில் இருந்தது. அதன்மேல் யாரோ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் நான் டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்ததும் அடிக்கும் முதல் கட்டளை இதுதான்.

(திரையில்: கட்டளை பெரிய எழுத்தில்.)

ஆர்எஃப்கில் லிஸ்ட். திரையில் தெரிகிற மாதிரியே, எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள். விடையில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று சாஃப்ட் பிளாக்டு, இன்னொன்று ஹார்டு பிளாக்டு. சாஃப்டுக்கு நேராக 'யெஸ்' என்று இருந்தால் மென்பொருள் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் போட்டு ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்று கொடுத்தால் திறந்துவிடும். ஹார்டுக்கு நேராக 'யெஸ்' இருந்தால் எந்தக் கட்டளைக்கும் மசியாது. சுவிட்சைத் தேடுங்கள், கீபோர்டில் எஃப்என் கீயோடு ஆன்டெனா படம் போட்ட கீயை அழுத்திப் பாருங்கள், லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்பிலும் ஒரு எட்டு பாருங்கள். சில மாடல்களில் சுவிட்சே இருக்காது, ஆனாலும் லினக்ஸின் உள்மையமான கெர்னலில் அந்த லேப்டாப்புக்கென்று ஏற்றும் மாட்யூல் என்ற துண்டு ஹார்டு பிளாக் என்று பொய் சொல்லும். அப்போது அந்த மாட்யூலை இறக்கிவிட்டால் வழி திறக்கும்.

மாமாவின் லேப்டாப்பில் ஆர்எஃப்கில் வெறும் வரியாகத் திரும்பி வந்தது. பூட்டு இருக்கிறதா என்று பார்க்கப் போனால் கதவே இல்லை. இது வேறு ரகம்.

அடுத்த கட்டளை: எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, கழித்தல் குறி, என் என் கே. உள்ளே சொருகியிருக்கும் ஒவ்வொரு கார்டின் பெயரும், எண்ணும், அதை ஓட்டும் டிரைவரும் வரும். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். அதில் ஏத்தராஸ் ஏஆர்9285 என்று இருந்தால் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம். அதற்கான ஏத்9கே டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எந்தக் கோப்பையும் கேட்காது. எங்களுக்கு அந்த யோகம் இல்லை.

(திரையில்: ஒரு வரி மட்டும் மஞ்சள் நிறத்தில்.)

பிராட்காம் பிசிஎம்4312. சதுர அடைப்புக்குள் 14இ4, முக்காற்புள்ளி, 4315. இந்த எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று விதமான சிப் வரும். எண் மாறாது.

கார்டு இருக்கிறது, பி43 என்ற டிரைவரும் இருக்கிறது. அப்புறம் ஏன் ஓடவில்லை? கெர்னலையே கேட்டுவிடுவோம். சூடோ போட்டு டி, எம், இ, எஸ், ஜி. இது கெர்னலின் நாட்குறிப்பு மாதிரி. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், பயப்படாதீர்கள். குழாய்க் குறி போட்டு கிரெப் பி43 என்று வடிகட்டினால் நாலைந்து வரிதான் மிஞ்சும். அதில் ஒன்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது: பி43 என்ற அடைவுக்குள் யூகோடு15 என்ற ஃபர்ம்வேர் கோப்பு காணவில்லை.

இதை மாமாவுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. சிப்புக்குள்ளேயே ஒரு குட்டிப் பிராசஸர் இருக்கிறது மாமா, கரண்ட் வரும்போது அதன் மூளை காலியாக இருக்கும், டிரைவர்தான் ஒவ்வொரு தடவையும் ஃபர்ம்வேர் என்ற பாடத்தை அதில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

"மோட்டாரும் இருக்குது, ஸ்டார்ட்டரும் இருக்குது. பம்புக்குள்ள தண்ணி ஊத்தாம ஓட்டுனா வெறும் காத்துதானே வரும்? அதானே?"

அதேதாங்க. அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஃபர்ம்வேர் பிராட்காமுக்குச் சொந்தம். லினக்ஸ்காரர்கள் தங்கள் வட்டில் வைத்துக் கொடுக்க உரிமம் இடம் தருவதில்லை. அதனால் டெபியன் என்ற லினக்ஸில் ஒரு பொதி (நிறுவும் மென்பொருள் மூட்டை) இருக்கிறது: ஃபர்ம்வேர், பி43, எல்பிஃபை, இன்ஸ்டாலர். நடுவில் எல்லாம் கழித்தல் குறி. ஆன்டிஎக்ஸ் டெபியனின் மேல் கட்டியது என்பதால் இங்கேயும் அதே பொதிதான். இதற்குள் ஃபர்ம்வேர் இருக்காது. நிறுவும்போது அதுவே இணையத்தில் போய், பிராட்காமின் பழைய டிரைவரை இறக்கி, அதிலிருந்து தேவையான துண்டை வெட்டி எடுத்து வைக்கும். மற்ற பல கார்டுகளுக்கு இந்த அலைச்சல் இப்போது குறைவு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், விநியோகிக்க அனுமதி உள்ள ஃபர்ம்வேர்களை நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

சிக்கல் புரிகிறதா? வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும். லேன் கேபிள் இருந்தால் ரவுட்டரிலிருந்து நேராக இழுத்துச் சொருகலாம். சாளையில் கேபிளுக்கு எங்கே போவது? நான் என் போனை சார்ஜர் வயரில் லேப்டாப்போடு இணைத்து, போனின் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தேன். லினக்ஸுக்கு அது ஒரு லேன் கேபிள் மாதிரிதான் தெரியும். டேட்டாவையும் கடத்தும் வயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் அரைமணி நேரம் போராடியவன் சொல்கிறேன்.

(திரையில்: பொதி இறங்கும் காட்சி, வேகமாக ஓட்டியது.)

இறங்கிவிட்டது. மறுபடி ஆன் செய்தோம். முன் விளிம்பில் நீல விளக்கு எரிந்தது. மாமா அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதே சிப்புக்கு டபிள்யூஎல் என்று இன்னொரு டிரைவரும் உண்டு. ஒன்று போதும். இரண்டையும் போட்டால் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருளுக்கும் இதே கதைதான். ஆன்டிஎக்ஸில் கான்மேன் இருக்கிறது, லுபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜர். கான்மேன் சரியில்லை என்று அதை நிறுத்தாமலே இன்னொன்றையும் போட்டுவிடுவார்கள். ஒரே மாட்டுக்கு ரெண்டு பேர் மூக்கணாங்கயிறு பிடித்தால் மாடு எந்தப் பக்கம் போகும்?

விளக்கு எரிந்தது, பக்கத்துத் தோட்டத்து வைஃபை கூடத் தெரிந்தது. ஆசாரத்துச் சுவரில் மாட்டியிருக்கும் மாமாவின் ரவுட்டர் மட்டும் தெரியவில்லை. இதற்கு லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ரவுட்டரிலோ வேகத்துக்காக 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்திருந்தார்கள். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குப் போய் 2.4ஐயும் திறந்தோம். அங்கே போனதும் போனீர்கள், சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைத்துவிடுங்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, ஆனால் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருக்கும் கார்டு 12, 13ஐக் கண்ணெடுத்தும் பார்க்காது. பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய கார்டு கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் சேராது. டபிள்யூபிஏ2க்கு மாற்றுங்கள்.

கனெக்ட் ஆகிவிட்டது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல".

இங்கேதான் பலர் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள். படிப்படியாகப் போவோம். முதலில் ரவுட்டருக்கு ஒரு பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு குரல். மாமா வீட்டில் அதன் முகவரி 192.168.1.1. பதில் வந்தது. அடுத்து வெளியே, கூகுளின் 8.8.8.8க்கு ஒரு பிங். அதுவும் வந்தது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராமல் இருந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸில் கோளாறு. இங்கே பெயருக்கும் வந்தது. அப்படியென்றால் இணையம் நன்றாகவே இருக்கிறது. பிறகு என்ன?

(திரையில்: வலது கீழ் மூலை பெரிதாகிறது.)

மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். 2010 ஜனவரி 1.

இவ்வளவு வருஷம் அட்டாலியில் கிடந்ததில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்துவிட்டது. ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்கு 'இந்தத் தேதியிலிருந்து செல்லும்' என்று ஒரு தேதி உண்டு. லேப்டாப் 2010இல் உட்கார்ந்துகொண்டு, இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று திருப்பி அனுப்புகிறது. டேட் கட்டளையில் நேரத்தைச் சரிசெய்ததும் பக்கங்கள் திறந்தன. அப்புறம் கோபியில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கி வந்து மாற்றினேன். நெட்புக்குகள் பலவற்றில் அது வயர் வைத்து பிளாஸ்டிக் சுற்றியபடி வரும், அதே மாதிரிப் பார்த்து வாங்குங்கள்.

நின்று நின்று வரும் கோளாறை இதில் நான் பார்க்கவில்லை, ஆனால் என் சொந்த லேப்டாப்பில் லுபுண்டு போட்டபோது ஒரு வாரம் படுத்தியது. ரவுட்டருக்கு பிங் போட்டால் ஒரு பதில் 3 மில்லி செகண்டில் வரும், அடுத்தது 400இல் வரும், அதற்கடுத்தது வராது. பேட்டரியை மிச்சப்படுத்தக் கார்டு குட்டித் தூக்கம் போடுவதுதான் காரணம். ஐடபிள்யூ கட்டளையில் பவர் சேவை ஆஃப் செய்தால் அப்போதைக்குச் சரியாகும். நெட்வொர்க் மேனேஜர் இருக்கும் லினக்ஸில் நிரந்தரமாக வேண்டுமென்றால் திரையில் காட்டும் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற வரியில் இருக்கும் 3ஐ 2 ஆக்குங்கள். 3 என்றால் தூங்கு, 2 என்றால் தூங்காதே.

மாமாவிடம் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. ஆசாரத்தில் நன்றாக ஓடிய வைஃபை, சமையல்கட்டு வாசற்படி தாண்டினால் செத்துவிடும். ஐடபிள்யூ கட்டளையில் லிங்க் பார்த்தால் சிக்னல் மைனஸ் 81. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சின்னதாக இருக்க இருக்க நல்லது. 50, 60 என்றால் சௌகரியம், 70ஐத் தாண்டினால் இழுபறி, 80க்கு மேல் கணக்கில் சேர்க்க முடியாது. இரும்பு பீரோ குறுக்கே நின்றது, நகர்த்தினோம். 79 ஆனது. அவ்வளவுதான்.

அப்போதுதான் மாமாவுக்கு நினைவு வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் கீபோர்டு மாற்ற ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினேன்.

(திரையில்: மிக அருகில். கட்டைவிரல் அகலக் கார்டு, அதன் மேல் இரண்டு தங்கப் புள்ளிகள்.)

திரையைச் சுற்றி மேலே போகும் ஆன்டெனா வயர்கள் இரண்டு இங்கே வந்து சேர வேண்டும். கறுப்பு வயர் தன் புள்ளியில் இருக்கிறது. வெள்ளைதான் முக்கியமான ஆன்டெனா, அது கார்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது, நுனியில் கொஞ்சம் தூசி. நேராகப் புள்ளிக்கு மேல் வைத்து நகத்தால் ஓர் அழுத்து. சாய்த்து அழுத்தினால் நுனி நசுங்கிவிடும்.

டக்.

மூடியைப் பூட்டி, ஆன் செய்து, சமையல்கட்டு வாசற்படியில் வைத்துப் பார்த்தோம். மைனஸ் 58. மாமா லேப்டாப்பைத் திறந்தபடியே இரு கையில் ஏந்திக்கொண்டு, புறக்கடை வழியாகக் கட்டுத்தரை வரை நடந்தார். அங்கிருந்து குரல் வந்தது.

"கண்ணு, எருமைகிட்டயும் எடுக்குது!"