நண்டும் நாக்கு மீனும் தோணியும்

தலைவருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மண்டபத்துக்கு வரும் வழியில் வாவிக் கரையில் கொஞ்சம் நின்றேன். கண்டல் மரத்தடிச் சேற்றில் சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் பெரிசு. அதை ஆட்டித்தான் பெண்ணைக் கூப்பிடும். நானோ சமச்சீர் பற்றிப் பேச வந்தவன். ‘திரும்பிப் போ’ என்று கை காட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம்.

பிள்ளைகளுக்குச் சமச்சீர் அச்சு தெரியும். எக்ஸ் வர்க்கத்தில் எக்ஸுக்குப் பதிலாக மைனஸ் எக்ஸ் போட்டாலும் விடை மாறாது. அதனால் அதன் வரைபான பரவளைவை நடுக்கோட்டில் மடித்தால் இரு பாதியும் ஒட்டிவிடும். சரி, கணக்கு அவ்வளவு போதும்.

உயிர்களுக்கு இது எதற்கு? ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும் கடல் அனிமோனுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்; உடம்பு பூப்போல வட்டமாக இருக்கும். நீந்திப் போகும் மீனுக்கு அப்படியில்லை. இரை முன்னால் இருப்பதால் வாயும் கண்ணும் முன்னுக்கு வந்துவிடும். புவியீர்ப்பு முதுகையும் வயிற்றையும் வேறாக்கும். மிஞ்சுவது இடமும் வலமும். அவற்றை வேறாக்க வெளியில் காரணம் ஏதுமில்லை. அதனால் அவை ஒன்றுபோலவே இருந்துவிடுகின்றன. (உள்ளே வேறு கதை: நமக்கு இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஈரல் வலப்பக்கம்.)

நாக்கு மீனைப் பாருங்கள். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணோடு மற்ற மீன்போலத்தான் நீந்தும். வளர்ந்தபின் கடலடியில் பக்கவாட்டில் படுத்து வாழும். படுத்தால் அதன் இடமும் வலமும் மேலும் கீழுமாகிவிடும்! மண்ணைப் பார்த்த கண்ணால் என்ன பயன்? அதனால் படுக்கப்போகும் காலத்திலேயே அந்தக் கண் தலையைச் சுற்றி நகர்ந்து மற்றக் கண்ணோடு சேர்ந்துகொள்ளும்.

தோணி கட்டினவர்களும் இந்தக் கணக்கை அறிந்திருக்கிறார்கள். நீர்கொழும்புப் பக்கத்துப் பாய்த்தோணிக்கு ஒரு பக்கம் மட்டுமே மிதப்புக் கட்டை. காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளும்போது, கட்டை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். அப்படியானால் மற்றத் திசைக்கு எப்படித் திரும்புவது? தோணியைத் திருப்ப மாட்டார்கள். பாயை மாற்றிக் கட்டுவார்கள். அணியமாக, அதாவது முன்பக்கமாக, இருந்த முனை பின்னாலாகிவிடும். அதற்காகத்தான் இரு முனையும் ஒரே மாதிரி. நீளவாக்கில் மடித்தால் பொருந்தாத தோணி, குறுக்கே மடித்தால் பொருந்தும்.